நகுலனின் கேமரா

வதனா சவப்பெட்டிக்குள் அப்பா நகுலனின் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அப்பாவோடு பறவைகளைப் படமெடுக்கப் போகும் சிவசாமி அவளை வாசல் கூடாரத்தின் ஓரமாக அழைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. அண்ணனோட கேமராவ என்ன பண்ணப் போறீங்க?"

அவள் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு கேமரா பாடி வாங்கலாமா வேணாமான்னு ஆறு மாசமா யோசிச்சிட்டிருக்கேன். பெரிய லென்ஸ் ஒண்ணுல, சின்னது ஒண்ணுல இருந்தா மாத்திக்கிட்டிருக்க வேணாம். நாம மாத்தி முடிக்கிற வரைக்கும் பறவை நிக்காது லா. அண்ணனோடதும் என்னோட மாடல்தான். பேட்டரிகூடச் சேரும். வேற யாருக்கும் குடுத்துடாத."

போன வருடம் லூபோக் சீனா என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த பெரிய மரத்தில் அப்பா ஓர் இருவாச்சிக் கூட்டைக் கண்டுபிடித்தார். பெண் பறவை பொந்துக்குள் இருந்துகொண்டு வாயிலை அடைத்துவிடும். ஒரு கீறல் வழியாக ஆண்தான் தீனி ஊட்ட வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, சிவசாமியை மட்டும் அப்பா அங்கே கூட்டிப்போனார். மூன்றாம் நாள் படமும் வழியும் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினேழு கார்கள். படத்துக்கு மறைக்கிறதென்று எவனோ கிளைகளை வெட்டினான். ஆண் பறவை வரவில்லை. ஒன்பது நாள் அப்பா விடியற்காலையில் போய் மரத்தடியில் நின்றார். பத்தாம் நாள் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"வேற ஜோடி வரும் லா அண்ணே," என்று அப்போது சிரித்தவர் இந்தச் சிவசாமிதான்.

"உள்ள வாங்க அங்கிள்," என்றாள் வதனா.

அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து, லென்ஸைக் கழற்றிவிட்டு அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல. அண்ணன் அண்ணன்தான்."

கூடத்தில் தேவாரம் முடிந்திருந்தது. பெட்டிக்காரர் மூடியைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்க," என்று வதனா குரலை உயர்த்தினாள். "அம்மா, அப்பா கேமராவ என்ன பண்றதுன்னு அங்கிள் கேட்டாரு. அப்பாகூடவே போகட்டும். லூபோக் சீனாவுக்கு அப்பா கூட்டிட்டுப் போனது இவர மட்டும்தான். நீங்களே வைங்க அங்கிள்."

கூடமே சிவசாமியைப் பார்த்தது.

"எரிக்கிறதுல பேட்டரி இருக்கக் கூடாதும்மா, வெடிக்கும்," என்றார் பெட்டிக்காரர்.

"காலையிலயே எடுத்துட்டேன்."

அம்மா கஜலட்சுமி விம்மினாள். "வைங்க தம்பி. உங்க கையால வச்சா அவருக்குச் சந்தோசமா இருக்கும்."

சிவசாமி குனிந்தார். கேமரா அப்பாவின் விலாவோரம் இறங்கியது. வாரிலிருந்து அவர் விரல்கள் விடுபடக் கொஞ்சம் நேரமானது. மூடி விழுந்தது. திருகாணிகள் முறுக்கப்பட்டன.

வாசலில் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது வதனா அவரருகே வந்தாள். கைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"சேரும்னு சொன்னீங்களே அங்கிள். அப்பா எடுத்த படங்களப் பாக்க நேத்துதான் சார்ஜ் பண்ணேன்."

வண்டி ரெம்பியா சாலையில் திரும்பி மறைந்த பிறகும், சிவசாமி அந்தப் பேட்டரியைச் சட்டைப்பையில் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.