மொட்டைமாடி வழி வந்த செய்தி

கல்கத்தாவின் பவானிபூரில் ஒரு சின்னக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் மஹாதேவன். தந்தி வந்தபின் கல்கத்தாப் பத்திரிகைகள் எப்படி மாறின என்று ஆராய்ந்து, சர்வகலாசாலைப் பரிசுக்காக ஒரு கட்டுரையும் எழுதிவந்தார். நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டிவிட்டுத் தும்மலும் மூக்கடைப்புமாக வீடு திரும்புவார். செய்தி முதலில் தந்தி ஆபீஸுக்கு வருகிறது, பிறகு அச்சுக்கூடத்துக்கு, கடைசியில் ஜனங்களுக்கு. அவர் கட்டுரைக்கு இதுதான் முதுகெலும்பு.

1911 ஜூலையில் மோகன் பகான் என்ற வங்காளிக் கால்பந்துக் குழு, வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு கேடயத்துக்கான கடைசி ஆட்டம் ஆட இருந்தது. மஹாதேவனுக்குப் பந்தாட்டம் பிடிபடாது. ஆனாலும் அன்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"செய்தி பொறக்கற எடத்துலயே நின்னு பாத்துடப்போறேன் காமு. அங்கேருந்து அது எப்படிப் பேப்பருக்குப் போறதுன்னு."

"ஆட்டம் பாக்கப்போறேன்னு சொன்னா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்று மனைவி காமு சிரித்தாள்.

மைதானத்தில் எள் விழ இடமில்லை. மரக்கிளைகளில்கூட ஆட்கள் தொங்கினார்கள். மஹாதேவனுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுகள்தான். ஓயாத சத்தத்துக்கு நடுவே திடீரென்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பின்னால் நிற்பவர்களுக்காக உள்ளேயிருந்து ஒரு காற்றாடி எழும்பியது. அதில் கோல் கணக்கு எழுதியிருந்தது. பட்டாளத்துக்கு ஒன்று, நம்மவர்களுக்கு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு காற்றாடி சமன் என்றது. முடிவில் இரண்டுக்கு ஒன்று என்று மோகன் பகான் ஜெயித்த செய்தியும் வானத்தில்தான் ஏறியது. முன்பின் தெரியாத ஒருவர் மஹாதேவனைக் கட்டிக்கொண்டு அழுதார். குடை எங்கே போயிற்றென்று மஹாதேவனுக்குத் தெரியவில்லை.

டிராம்களில் கால் வைக்க முடியவில்லை. காமுவிடம் முதலில் தானே சொல்லவேண்டும் என்று வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்தார்.

வாசலில் நின்றிருந்த காமு, "ரெண்டுக்கு ஒண்ணு! கடைசியிலதான் ரெண்டாவது கோலாமே?" என்றாள்.

மஹாதேவன் திகைத்துப் போனார். "யார் சொன்னா?"

"அடுத்தாத்து வங்காளி அக்கா, ஹேமாங்கினி தீதி. அவாளுக்கு எதிராத்து மாடிலேருந்து கத்தினா. அவாளுக்கு அதுக்கும் அந்தண்டை மாடி. ஜெயிச்ச சந்தோஷத்துல தெருவெல்லாம் சங்கு ஊதி முடிச்சாச்சு. நீங்க இப்பத்தான் வரேள்."

மறுநாள் காலை பேப்பர்க்காரனைத் தெருக்காரர்கள் முனையிலேயே மடக்கிவிட்டார்கள். ஹேமாங்கினியின் கணவர் ஆட்டத்தை நேரில் பார்த்தவர். அவரே இரண்டு பிரதி வாங்கிவந்து முற்றத்தில் உரக்க வாசித்தார். விஷயம் தெரிந்தவர்களே சுற்றி உட்கார்ந்து, புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்கள். நடுவில் அவர், "தப்பு! அப்படி நடக்கவே இல்லை!" என்று வங்காளியில் கத்தினார். ஆனாலும் பேப்பரைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"பேப்பர்தான் செய்தி கொண்டுவரதுன்னு எழுதியிருக்கேளே," என்றாள் காமு. "செய்தி நேத்தே வந்து, சாப்பிட்டுத் தூங்கியும் ஆச்சு. பேப்பர் இன்னிக்குன்னா வரது!"

மஹாதேவனுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது. எழுதிய அத்தியாயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வீடு வீடாக ஒரே கேள்வியோடு போனார்: தெரிந்த செய்திக்கு எதற்குப் பேப்பர்? ரங்கூனிலிருக்கும் தம்பிக்கு அனுப்ப என்றார் ஒருவர். வெள்ளைக்காரன் பேப்பர் தோல்வியை எப்படி எழுதுகிறது பார்க்கலாமென்று என்றார் இன்னொருவர். பெண்கள் இருக்கும் உள்கட்டுக்கு அவர் போகமுடியாது. அங்கே காமு போனாள். அரைகுறை வங்காளியில் கேட்டு, வாய்நிறையப் பதில்களோடும் கைநிறையச் சந்தேஷ் இனிப்போடும் திரும்பினாள்.

கட்டுரையைப் படித்த கல்லூரியின் வெள்ளைக்காரப் பேராசிரியர் துரைக்குப் புருவம் ஏறியது. "காற்றாடியும் சங்கும் ஆதாரமா, மிஸ்டர் மஹாதேவன்? எடுத்துவிடுங்கள்."

"எடுத்துட்டா மிச்சமெல்லாம் பொய்யாயிடும், ஸார்," என்றார் மஹாதேவன்.

துரை பக்கங்களை மறுபடி புரட்டினார். "பெண்களிடம் யார் விசாரித்தது?"

"என் மனைவி."

"அப்படியென்றால் அதையும் எழுதுங்கள்."

பரிசு வேறொருவருக்குப் போயிற்று. நடுவர்களுக்கு மொட்டைமாடி பிடிக்கவில்லை போலும். ஆனால் துரை அந்த அத்தியாயத்தை மட்டும் கல்லூரி இதழில் போடச் செய்தார். அதில் 'விவரம் சேகரித்தவர்: ஸ்ரீமதி காமு' என்று ஒரு வரி இருந்தது. அன்று அவள் அவருக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு ரோஸ்ட் பண்ணினாள். தோற்றவர் வீட்டுச் சமையலாக அது இல்லை.

"அடுத்தது என்ன ஆராய்ச்சி?" என்று பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"வங்காளிப் பேப்பரெல்லாம் பொம்மனாட்டிகளுக்குன்னு என்ன போடறதுன்னு பாக்கலாம்னு இருக்கேன்."

"அப்போ நான் வங்காளி வாசிக்கவும் கத்துக்கணும்."

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு ஆனதும், ஹேமாங்கினி தீதி வாசித்து முடித்த பேப்பரைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். இரண்டு பெண்களும் கூடத்தில் பாயை விரித்து, தலைப்பிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டத் தொடங்கினார்கள்.