கம்பஞ்சோற்றுப் பந்தி

சின்னத்தாய்க்குக் கோபம் வந்தால் கரண்டிதான் முதலில் பேசும். அந்த வெள்ளிக்கிழமை அண்டாவின் விளிம்பில் அது போட்ட போட்டில், தாயில்பட்டிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. பின்னே? எழுபது பிள்ளைகளுக்குக் காய்ச்சிய கம்பங்கஞ்சியில் அறுபது பிள்ளைகளின் பங்கு தட்டிலேயே கிடந்தால், சத்துணவு சமைக்கிறவளுக்கு வயிறு எரியாதா?

சத்துணவில் கம்பு போடும் ஆசை தலைமையாசிரியை பைரோஜா டீச்சருடையது. விருதுநகரில் தானியக் கடை வைத்திருக்கும் முகைதீனின் மகள். காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல், ரத்தம் எதனால் ஊறும், எந்தக் கீரையில், எந்தத் தானியத்தில் இரும்புச் சத்து இருக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அடிகுழாய்த் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் பிள்ளைகளை வைத்தே முருங்கை நட்டார். பக்கத்துக் காட்டில் கோட்டைச்சாமி விளைவித்த கம்பை வாங்கினார். ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததில், மூன்று வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பிள்ளைகள் சாப்பிட்டால் தொடரலாம், இல்லாவிட்டால் அதோடு சரி. அதில் இரண்டு வெள்ளி போய்விட்டது.

"ஏ புள்ள, ஏன் திங்க மாட்டேங்குறீக?" சின்னத்தாய் நாலாம் வகுப்பு மாரீஸ்வரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கூலிக்கஞ்சியாம். தொடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லுச்சு."

அவள் அம்மா செல்வலட்சுமி பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறவள். சின்னத்தாய் இருக்கும் அதே தெரு.

சின்னத்தாய்க்குக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அந்தத் தெருப் பெண்களின் அம்மாக்கள் பகலெல்லாம் நிலம் வைத்திருந்த சம்சாரியின் காட்டில் களையெடுத்துவிட்டு, சம்சாரி வீட்டுப் புறவாசலில் குனிந்து நின்று ஏனத்தை நீட்டிக் கூலியாக வாங்கியது இந்தக் கஞ்சிதான். எட்ட நின்று ஊற்றுவார்கள், சிந்தினால் சிந்தியதுதான். கம்பெனி வேலைக்குப் போய் நாலு காசு பார்த்த பிறகு அந்தத் தெருவில் ஒருத்தியும் கம்பு வாங்கியதில்லை. அரிசிச் சோறுதான் அவர்களுக்குக் கௌரவம். சின்னத்தாய் என்ன செய்திருக்கிறாள்? அந்த வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தட்டை நீட்டச் சொல்லி, அதே கஞ்சியை ஊற்றியிருக்கிறாள்!

"டீச்சர், நீங்க டவுன்ல பொறந்தவுக, உங்களுக்குத் தெரியாது. எனக்குமா தெரியாமப் போச்சு? என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"அப்போ கம்ப விட்டுருவமாக்கா?" பைரோஜா டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

"விடுறதா? நல்லா இருக்கே கத! கம்பு என்ன பாவம் பண்ணுச்சு? அடுத்த வெள்ளிக்கு எனக்கு நூறு வாழையெல மட்டும் வாங்கித் தாங்க."

அடுத்த வெள்ளி விடியும்போதே மழை. மழையென்றால் வெடி காயாது, கம்பெனிக்கு லீவு. வேலையில்லாமல் இருந்த பெண்கள் பதினைந்து பேர் செல்வலட்சுமியை முன்னே விட்டுக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டபடி மதியம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள்.

"ஏக்கா, எங்க பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்த நீ யாரு? கையேந்தவா நாங்க பிள்ள பெத்திருக்கோம்?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

சின்னத்தாய்க்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் இன்றைக்கு வாயை விட்டால் கம்பு போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சண்ட பெறகு போடலாம். மழையில நிக்காதீக. உள்ள வந்து உக்காருங்க."

உள்ளே ஜமுக்காளம் விரித்து, பிள்ளைகளுக்காக வரிசையாக இலை போட்டிருந்தது. இலைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இலை போட்ட இடத்தில் நின்றுகொண்டு சண்டை பிடிக்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். சின்னத்தாய் ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, உருண்டை பிடித்த கம்பஞ்சோற்றைக் கையால் வைத்தாள். பைரோஜா டீச்சர் கடலைப்பொடி தூவிய முருங்கைக்கீரையும் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்துக்கொண்டு வந்தார்.

"சாப்பிடு தாயி" என்றாள் சின்னத்தாய்.

செல்வலட்சுமி டம்ளர் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு விள்ளல் பிட்டு, கீரையோடு சேர்த்து வாயில் வைத்தாள். மெல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா இத ஒருநாளும் உக்காந்து தின்னதில்லக்கா."

சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்த செல்வலட்சுமி சின்னத்தாயிடமிருந்து சோற்று வாளியை வாங்கிக்கொண்டாள். வராந்தாவில் காத்திருந்த பிள்ளைகள் வந்து புது இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மாரீஸ்வரி தன் இலையில் விழுந்த உருண்டையைத் தொடாமல் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"இது கூலிக்கஞ்சிதானம்மா?"

"இல்லடி. இந்த ஊர்க் காட்டுல கம்பு வெதச்சது உங்க அம்மாச்சி, அறுத்தது உங்க அம்மாச்சி, குத்திப் பொடச்சதும் அவதான். இது நம்ம சோறு. நல்லா நிமிந்து உக்காந்து தின்னு."

மாரீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை என்று வரிசை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து இலையைக் காலி செய்தது.

சின்னத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஆபீஸுக்கு எழுதுங்க டீச்சர். எழுபது பிள்ளையும் தின்னுச்சு, பெத்தவுகளும் தின்னாகன்னு எழுதுங்க."