சீனம் படிக்கப் போனவன்

போனில் தம்பி சேரனின் குரலுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறான் என்பது பிரபாவதிக்கு முதலில் உறைக்கவில்லை. விழுப்புரத்தில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அந்நேரம் நல்ல கூட்டம். ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தாள். தெரியாத எண் என்றாலும் வெளிநாட்டு எண் என்று தெரிந்ததால், பட்டையை அவிழ்த்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள்.

“அக்கா, நீ பேசாத. கேளு.”

“எங்கடா இருக்க? போனே பண்ணாம வெறும் மெசேஜா அனுப்பிக்கினு இருக்க?”

“அது நான் அனுப்புல. என் போனு அவனுங்க கையில இருக்குது. இது வேற ஒருத்தன் போனு. ஆத்துக்கு அந்தாண்ட சுத்திக் காட்டறோம்னு போட்டுல ஏத்துனானுங்க. எறங்கினதும் பாஸ்போர்ட்ட புடுங்கிக்கினானுங்க. கிளாஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கம்ப்யூட்டர்ல உக்காந்து நம்ம ஊரு ஜனங்கள ஏமாத்தணும். மாட்டேன்னா அடி.”

பிரபாவதி பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

“இப்ப எனக்கு சீனம் நல்லா வருதுக்கா,” என்றான். “யாரை அடிக்கணும்னு அவனுங்க பேசிக்கும்போதே புரிஞ்சிடுது. நான்தான் பசங்களுக்கு அத தமிழ்ல சொல்றேன்.”

“டேய்…”

“வல்லரசு இன்னிக்கிதான கெளம்பறான்? அவன் வந்து சேந்தா என்ன வுட்டுடறேன்னு சொல்லியிருக்கானுங்க. ஆள் வந்தா ஆள வுடுவானுங்க. அப்பிடி ஒருத்தன் போனத என் கண்ணால பாத்தேன்.”

“வரலன்னா?”

அவன் குழாயை இன்னும் திறந்திருக்க வேண்டும், தண்ணீர்ச் சத்தம் கூடியது.

“அத கேக்காதக்கா. போலீஸு கீலீஸுன்னு போயிடாத. ஏஜென்ட்டு சின்னதுரைக்குத் தெரிஞ்சா இங்க தெரிஞ்ச மாரி.”

அழைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிடப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள்?

“இன்னாம்மா, ஊசியப் பாத்து நான் ஓடணும். நீ ஓடற?” என்று பெரியவர் சிரித்தார். அவருக்கு நரம்பு நன்றாகப் புடைத்துத் தெரிந்தது. அவளால் பிடிக்க முடியவில்லை. இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு ஊசியைக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர் அவர்களுடையது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு, எல்லாம் எவ்வளவு நல்லபடியாக ஆரம்பித்தது என்பதே நினைவில் ஓடியது. செருப்புக் கம்பெனிகள் வருகின்றன, சீனம் பேசுகிற சூப்பர்வைசர்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் பேச ஆள் வேண்டும் என்று கல்லூரியில் பேச்சு. கோடை விடுமுறையில் தாய்லாந்தில் வைத்துச் சீனம் சொல்லிக்கொடுக்கிறோம், செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், வார இறுதியில் ஊர் சுற்றிக் காட்டுவோம் என்றான் திண்டிவனத்தில் அலுவலகம் வைத்திருந்த ஏஜென்ட் சின்னதுரை. சேரன் போனான்.

முதல் சில வாரங்கள் தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவான். வகுப்பைக் காட்டுவான். வாடகை சைக்கிளில் போய்த் தேயிலை மலையையும், தூணுக்குத் தூண் டிராகன் சுற்றிய சீனக் கோயிலையும் காட்டுவான். ஒரு நாள் ஓர் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, “நம்ம பனமலை ஏரி மாரியே இல்லக்கா? என்னா, இதுல தண்ணி இருக்குது” என்றான். அம்மா சவுரியம்மாள் போனுக்குள் முகத்தை நுழைத்து, “அங்கல்லாம் பாம்பு துன்றாங்களாமே, நீ துன்னாதடா” என்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் காலனிப் பையன்கள் கூட்டுரோட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சேரன் கூலிங் கிளாஸ் போட்டிருக்க, பின்னால் சீனப் பெருஞ்சுவர். சீனம் கற்கக் கடல் கடந்த சிங்கமே, வாழ்க. அந்த வழியாகத்தான் ஊர்த்தெருக்காரர்கள் பம்புசெட்டுக்குப் போக வேண்டும். பச்சைமுத்து வண்டியை நிறுத்தி அந்த ஃப்ளெக்ஸை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். அவர் மகன் வல்லரசு, சேரனோடு ஒரே வகுப்பில் படிப்பவன். சீனத்தைப் பற்றி அதுவரை அந்த வீட்டில் யாரும் நினைத்ததுகூட இல்லை. காலனிப் பையன் போய்விட்டான், நம் பையன் போகவில்லை என்பதை மட்டும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. என்ன படிப்பு, எந்த ஊர் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் வல்லரசுக்கு அவசரமாகப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அவனுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் சேரனுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது. சேரனுடையது அதன் பின்னால் மறைந்துபோயிற்று.

அவள் ஊர் வந்து சேர்ந்தபோது பச்சைமுத்து வீட்டு வாசலில் வழியனுப்பு விருந்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். கறி வெந்துகொண்டிருந்தது. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் சவுரியம்மாள் இருந்தாள். மகனுக்கு வேர்க்கடலை உருண்டை பிடித்து ஒரு பொட்டலம் கட்டிவந்து, வல்லரசின் பெட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“மல்லாட்டை உருண்டைடி. அவன்கிட்ட சொல்லிடாத. பிரிச்சிப் பாக்கட்டும்.”

அம்மாவிடம் சொன்னால் அம்மா அலறுவாள். அலறினால் ஊருக்கே தெரியும். பிரபாவதி நேராக வல்லரசின் அம்மா சின்னபொண்ணுவிடம் போனாள்.

“ம்மா, தம்பிய இப்ப அனுப்ப வேணாங்கம்மா.”

“ஏன்?”

“அங்க சரியில்லீங்க. சேரன் பேசினான். மாட்டிக்கினு இருக்கான். அடிக்கிறாங்களாம்.”

சின்னபொண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் காட்டினாள். சேரனின் எண்ணிலிருந்து நேற்று வல்லரசுக்கு வந்து, அவன் அம்மாவுக்கும் அனுப்பிய செய்தி. சூப்பர் இடம், சீக்கிரம் வாடா மச்சான் என்றிருந்தது.

“நேத்து இப்பிடி எழுதினவன் இன்னிக்கி அடி வாங்குறானா?”

“அது அவன் அனுப்புலங்கம்மா…”

“அப்ப உன் தம்பி போனா படிப்பு, எங்க புள்ள போனா சரியில்ல. இன்னா வயித்தெரிச்சல்டி உங்களுக்கு? நல்ல நாளும் அதுவுமா அழுது வழியாத. போயி சாப்புடு.”

பிரபாவதி நகர்ந்தாள். நாலடி வைப்பதற்குள் நெஞ்சில் ஏதோ இளகுவதை உணர்ந்தாள். சொல்லியாயிற்று. அவர்கள்தான் கேட்கவில்லை. இனி வல்லரசு போவான், சேரன் வருவான். தன் மேல் குற்றமில்லை. அந்த நிம்மதி எவ்வளவு இதமாக இருந்ததோ அவ்வளவு அவளைப் பயமுறுத்தியது.

“அக்கா, நீ ஹாவ்!” வல்லரசு புதுச் சட்டையில் வந்து நின்றான். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் கட்டிய கயிறு மணிக்கட்டில் இருந்தது. “எப்பிடி என் சீன வணக்கம்? சேரனுக்கு இன்னா சேதி சொல்லணும்?”

“நீ சாப்ட்டியாடா?” என்று மட்டும் கேட்டாள்.

வழியனுப்ப இரண்டு வேன் நிறைய ஜனம் திண்டிவனத்துக்குக் கிளம்பியது. சவுரியம்மாளையும் பிரபாவதியையும் கடைசி சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷனைக் கடந்தபோது பிரபாவதி பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே போய் அவள் பேசி முடிப்பதற்குள் சின்னதுரைக்கு யாராவது போன் பண்ணிவிடுவார்கள். எல்லோருக்கும் வேண்டியவன் அவன்.

அலுவலகம் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. கீழே தெருவிலேயே சின்னதுரை காத்திருந்தான். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. யாரையும் அவன் அதட்டிப் பார்த்ததில்லை.

“வாம்மா பிரபா. தம்பி நல்லா படிக்கிறானாம். கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்டாம்.”

அவள் தலையாட்டினாள். அவன் கண் தன் முகத்தில் எதையோ தேடுகிறது என்று தோன்றியது. தெரிந்திருக்குமோ? அந்தக் குழாய்ச் சத்தத்தை அங்கே வேறு யாராவது கேட்டிருப்பார்களோ?

புறப்படுகிறவர்களை வைத்துப் படம் எடுப்பது சின்னதுரையின் வழக்கம். அடுத்த ஃப்ளெக்ஸுக்கு அதுதான் படம். வல்லரசுக்கு மாலை போட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்த சின்னதுரை, சுற்றிப் பார்த்துவிட்டுப் பிரபாவதியிடம் நீட்டினான்.

“முதல்ல போன பையனோட அக்கா கையால குடுத்தா நல்லாருக்கும். பச்சைமுத்தண்ணே, இன்னா சொல்றீங்க?”

பச்சைமுத்துவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. “ஜல்தியா எடுப்பா, ஃப்ளைட்டுக்கு நேரமாவுது” என்றார்.

வல்லரசு சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். தினமும் எத்தனையோ கைகளைப் பார்ப்பவள் அவள். முழங்கையிலிருந்து இறங்கி வந்த பச்சை நரம்பு தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கையைத்தான் அங்கே முதுகுக்குப் பின்னால் கட்டுவார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்பதைச் சேரன் இவனுக்குத் தமிழில் சொல்வான். பிறகு சேரனை விடுவார்கள். விடாமலும் இருக்கலாம். பாஸ்போர்ட்டைக் கொடுக்காவிட்டால் இன்றைக்கே சேரனை…

“குடும்மா, சிரி கொஞ்சம்” என்றான் சின்னதுரை, போனை உயர்த்தியபடி.

பிரபாவதி பாஸ்போர்ட்டைத் திறந்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். முதலில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். தையல் விட்டு, தாள்கள் கிழிந்து, பாதி அவள் கையில் நிற்க, பாதி தெருவில் விழுந்தது.

சின்னபொண்ணு பாய்ந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். “பாவி, வயித்தெரிச்சல் புடிச்சவளே!” பச்சைமுத்து காலனியையே இழுத்து வைத்துத் திட்டினார். சின்னபொண்ணு அவள் முடியை விடாமல் பிடித்துக்கொண்டாள். சவுரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இன்னாடி பண்ண, இன்னாடி பண்ண” என்றாள்.

சத்தம் போடாமல் இருந்தவன் சின்னதுரை ஒருவன்தான். அவன் கோபப்படவே இல்லை. உயர்த்திய போனை இறக்காமல் ஒரு படம் எடுத்தான். பக்கத்தில் வந்து, கிழிந்த தாள்களோடு அவள் முகமும் தெளிவாகத் தெரியும்படி இன்னொன்று எடுத்தான். கட்டைவிரலால் எதையோ தட்டினான்.

மாலையோடு நின்ற வல்லரசு அந்தத் திரையைப் பார்த்தான். மேலே இருந்த பெயர் தமிழிலும் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை, சீன எழுத்தில் இருந்தது.

“யாருக்குண்ணே அனுப்பறீங்க?”

“யாருக்கும் இல்ல தம்பி.”

“இப்ப அனுப்பினீங்களே. அக்கா போட்டோவ அங்க எதுக்கு அனுப்பறீங்க?”

சின்னதுரை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வல்லரசு அவனையே பார்த்தபடி பின்னால் நகர்ந்து, பிரபாவதியின் முடியைப் பிடித்திருந்த தன் அம்மாவின் கையைப் பற்றினான்.

“வுடும்மா. அவங்கள வுடு.”

அந்த வெள்ளைச் சட்டைப் பைக்குள் போன் ஒருமுறை வெளிச்சம் காட்டியது. சின்னதுரை அதை எடுக்கவில்லை. பிரபாவதியின் கண்கள் அந்தப் பையை விட்டு நகரவில்லை.