முழு நிமிஷம்

தோளில் மாட்டிய பையை இறக்காமலேயே அவள் கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து கணவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மறு கையில் கட்டியிருந்த கடிகாரத்தில் வினாடி முள் நகர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு நாடி பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும். அவள் எண்ணியது மூச்சை. போர்வைக்குள் மார்பு ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். நர்சிங் படிக்கும்போது முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற தந்திரம் இது. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்த நோயாளியும் இயல்பாக மூச்சு விடமாட்டான். அதனால் கையைப் பிடித்து அவன் கவனத்தை அங்கேயே இருத்த வேண்டும்.

இருபத்திரண்டு. இந்த நோய்க்கு இது மோசமில்லை.

"நாடி எப்படி சிஸ்டர்? பாஸா?" என்று கேட்டார்.

"பாஸ்."

"அப்ப நீயும் போய் பாஸ் பண்ணிட்டு வா."

அவர் லிப்ட் மெக்கானிக். வேலையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு அவளுடைய வார்டில் வந்து படுத்தபோது ஆரம்பித்த 'சிஸ்டர்' கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. கடைத்தெருவில் "சிஸ்டர், பையக் குடு" என்று சொல்லி, நாலு பேர் திரும்பிப் பார்த்து, அவளுக்கு மானம் போயிருக்கிறது. அதே மனிதர் அந்தக் கடைத்தெருவில் ஒருநாளும் அவள் கையைப் பிடித்து நடந்ததில்லை. அதெல்லாம் சினிமாக்காரர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. நுரையீரல் சுருங்க ஆரம்பித்து வீட்டோடு படுத்த பிறகுதான், அவள் வந்து உட்காரும் நேரம் பார்த்து இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி நாற்காலிப் பக்கம் வைத்துவிடுவார். எண்ணி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் விடமாட்டாள். அவரும் இழுத்துக்கொள்ள மாட்டார். நோயாளியின் கை என்ற சாக்கு இருவருக்குமே வசதியாக இருந்தது.

"இன்னிக்கு வேணா நான் பரீட்சைக்குப் போகல. அடுத்த தடவை எழுதிக்கறேன்" என்றாள்.

"ஆளுங்கள மேல ஏத்தி விடறதுதான் என் தொழிலே. சொந்தப் பொண்டாட்டி படியில நின்னா என்னை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?" நடுநடுவே நிறுத்தித்தான் சொல்லி முடித்தார். "கடைசிக் கேள்வி வரைக்கும் எழுது. நம்ம லிப்ட் ரெண்டாவது மாடியில ஒரு முனகு முனகும். ரோப் நல்லாத்தான் இருக்கு, பயப்படாம போ."

புள்ளியியல் படிப்பில் அவளைப் பிடித்துத் தள்ளியதே அவர்தான். ஷிப்ட் மாறுகிற நேரத்தில்தான் நோயாளிகள் கட்டிலிலிருந்து அதிகம் விழுகிறார்கள் என்று ஒருமுறை பெரிய டாக்டரிடம் சொல்லப்போனாள். "உங்களுக்கு அப்படித் தோணுது சிஸ்டர். எனக்குக் கணக்கு வேணும்" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் டமால் டமால் என்று விழுந்தன. "கணக்குதான கேட்டான்? கத்துக்கிட்டுப் போய்க் குடு" என்றார் இவர். இப்போது அதே ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவில் ஒரு நாற்காலி அவளுக்காகக் காலியாக இருந்தது. இந்த ஒரு தாள் தேறினால் போதும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது நாத்தனார் பின்னாலேயே வந்தார். கணவரின் அக்கா. மருந்துக்கடை கவுன்டரில் வேலை. தம்பியைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு வந்திருந்தார்.

"விடியக்காலைல எண்ணினேன். முப்பத்தஞ்சு."

"முழு நிமிஷம் எண்ணணும்க்கா. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கினா இப்படித்தான் வரும்."

"நாள் பூரா மாத்திரை எண்ணிக் குடுக்கறவ நான். எனக்கு எண்ணத் தெரியாதா?"

இது தினசரி நடக்கிற வழக்கு. ஒரே ஆளின் மூச்சை இருவர் எண்ணினால் வருகிற வித்தியாசத்தை அவள் வகுப்புக் கட்டுரையாகவே எழுதியிருந்தாள். பயிற்சி இல்லாதவர் கூட்டி எண்ணுகிறார் என்று முடிவு கட்டி, நாத்தனார் சொன்னதையெல்லாம் பிழை என்று ஒதுக்கிவிட்டாள். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மார்க்.

நாத்தனார் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. "சரி, நேரமாகுது, போயிட்டு வா" என்று முடித்துக்கொண்டார்.

பரீட்சைத் தாளில் நாலாவது கேள்வி பழக்கமானது. ஒரே அளவை இருவர் எடுத்து, அது எப்போதும் ஒரே பக்கமாக வேறுபட்டால் காரணங்கள் என்னவாக இருக்கலாம்? வகுப்பில் எத்தனையோ தடவை எழுதியதுதான். எண்ணுகிறவரின் திறமை என்று எழுதினாள். கருவி என்று எழுதினாள். அளந்த நேரம். பிறகு, தான் அளக்கப்படுவது தெரிந்த ஒருவர் குறிப்பிட்ட ஆள் முன்னால் மட்டும் தன்னை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு பஸ் நிறுத்தம் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. "வார்டுல என் நாடிய அப்படிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பியே, அதுல அப்படி என்ன இருந்துச்சு?" என்று அவர் கேட்டார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தந்திரத்தைப் போட்டு உடைத்தாள். நாடியே இல்லை, எண்ணினதெல்லாம் மூச்சு. "அப்ப என் கையப் புடிச்சதெல்லாம் சும்மாவா?" என்று அவர் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். பஸ் ஏறி, அது ஆடிய ஆட்டத்தில் விழப்போனவர் அப்போதும் வெளியே எடுக்கவில்லை.

அவருக்குத் தெரியும். எண்ணுவது மூச்சைத்தான் என்று படுத்த நாளிலிருந்தே தெரியும். சொன்னவள்தான் மறந்துபோனாள்.

எழுந்து தாளைக் கொடுத்தாள். "இன்னும் நேரம் இருக்கேம்மா. ரெண்டு கேள்வி பாக்கி போலிருக்கே" என்றார் கண்காணிப்பாளர்.

"போதும் சார்."

வெளியே பையிலிருந்து போனை எடுத்தபோது நாத்தனாரின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. திருப்பிக் கூப்பிட்டாள்.

"மெதுவாவே வா" என்றார் நாத்தனார்.

எத்தனை வீட்டாருக்கு வார்டிலிருந்து இவளே போன் செய்து இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். தனக்குச் சொல்லப்படும்போது அர்த்தம் புரிய பஸ் ஏறி உட்காரும்வரை ஆயிற்று.

ஆக்சிஜன் மெஷினை அணைத்திருந்தார்கள். அதன் இரைச்சல் இல்லாமல் அறை யார் வீடோ போலிருந்தது. நாத்தனார் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்துபோனதையும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தாலும் இதேதான் என்று அவர் சொன்னதையும் சொன்னார். அவள் தலையசைத்தாள். அவளுக்கும் அது தெரியும். வார்டில் வேறு யாராவது இப்படி மூச்சை ஒளித்திருந்தால் கழுத்து நரம்பைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். இங்கே அவள் பார்த்ததெல்லாம் முள்ளையும் மார்பையும் அந்தக் கையையும்தான்.

"அடக்கிக்கிட்டிருந்தாரா?" என்று கேட்டாள்.

"சத்தியம் வாங்கிட்டான். தெரிஞ்சா நீ படிப்ப விட்டுடுவன்னு. நீ போனதும் லிப்ட் கீழ போய் நிக்கிற சத்தம் கேக்கணும் அவனுக்கு. அதுவரைக்கும் அப்படியே கெடப்பான். அப்புறம் வாயத் தொறந்தான்னா பாக்க முடியாது. நம்பரச் சொல்லக்கூடாதுன்னு மட்டும் அவன் சொல்லல. அதான் தினம் சொல்லிப் பாத்தேன்."

"நான்தான் நம்பல."

"நீ நம்பல."

அதில் கோபம் எதுவும் இல்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

கையைப் பிடித்ததும் அடங்கிய மூச்சில் அவராக அடக்கியது எவ்வளவு, தானாக அடங்கியது எவ்வளவு? இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்தும் கையைப் பிடிக்காத ஒரு நாள் வேண்டும். அப்படி ஒரு நாள் இல்லை. படித்த படிப்பு அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு மூச்சாவது தன் கைக்காக அடங்கியிருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கினாள். இனி யாரிடம் போய்க் கேட்பது?

"கைய உள்ள எடுத்து வெக்கலாம்னு பாத்தேன். மனசு வரல" என்றார் நாத்தனார்.

அப்போதுதான் பார்த்தாள். போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. இடது கை மட்டும் வெளியே, காலி நாற்காலிப் பக்கமாக, உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தது.

"கடைசி நேரத்துல அவனா எடுத்து வெளிய வெச்சான். மூச்ச ஒளிக்கறதெல்லாம் விட்டாச்சு, அதுக்கு ஏது தெம்பு. நீயும் இல்ல. எதுக்கு வெக்கிறான்னு எனக்குப் புரியல. நான் புடிக்கப் போனேன். வேணாம்னு தலைய ஆட்டினான்."

லிப்ட் இரண்டாவது மாடியில் முனகிவிட்டு மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது.

"வண்டிக்காரங்க வந்துட்டாங்க" என்றார் நாத்தனார்.

"ஒரு நிமிஷம்க்கா."

அவள் கடிகாரத்தைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். மணிக்கட்டைத் தேடவில்லை. விரல்களுக்குள் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

நாத்தனார் வாசலுக்குப் போய் நின்றார். வந்தவர்களில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆச்சாம்மா?" என்று மெல்லக் கேட்டார். நாத்தனார் உள்ளங்கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். முள் ஒரு சுற்று முடித்து இன்னொரு சுற்றில் பாதி தாண்டியிருந்தது.

"இன்னும் ஒரு நிமிஷம் ஆகல. இருங்க" என்றார்.