கடைசிப் பெயருக்கு யார் சொந்தம்?

எங்கள் ஊர் முச்சந்தியில் நிற்கும் போர் நினைவுத் தூணை யாராவது ஏளனமாகப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடல் தாண்டிப் போய்ப் போரில் செத்த எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. மேலிருந்து மூன்றாவது, என் கொள்ளுத்தாத்தா. என் தையல் கடையில் மிஷினை மிதித்தபடி தலையை நிமிர்த்தினால் அவர் பெயர் தெரியும். அதற்காகவே மிஷினை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

சாலையை அகலப்படுத்த அந்தத் தூணைப் பிடுங்கி, ஊர் அலுவலகத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நடப்போவதாகப் பேச்சு கிளம்பியது. மரபுச் சின்னம் என்று அரசு பதிவு செய்தால்தான் சாலை வளைந்து போகும். அதற்காக அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார் என்றதும் ஊருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தூண் பளபளன்னு இருக்கணும். வர்றவங்க கண்ணு கூசணும்" என்றார் ஊராட்சித் தலைவர்.

ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. தரைக்கும் கல்லுக்கும் பாலிஷ் போடுவதுதான் என் கணவருக்கு வேலை. வெளியூரிலிருந்து வந்து, என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். சொந்தக்காரர் வாயைத் திறந்து "சரி" என்று சொல்லாமல் எந்தத் தரையிலும் மிஷினை வைக்க மாட்டார். தூணுக்கும் அதே கதைதான். வீடு வீடாகப் போய், "உங்க ஆளு பேரு மேல மிஷின் வைக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். என்னிடமும் வந்து நின்றார்.

"கட்டின பொண்டாட்டிகிட்ட இதெல்லாம் ஒரு கேள்வியா? போடுங்க" என்றேன்.

தூண் கண்ணாடி மாதிரி மின்னியது. எழுத்துகள் கொஞ்சம் மழுங்கியிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதிகாரியம்மா வந்தார். தூணைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"யாருங்க இதைத் தேய்ச்சது? அந்தக் காலத்து உளி பட்ட தடம்தான் இதுக்கு மதிப்பே. அதுவே போச்சுன்னா நான் எதைப் பார்த்துப் பதிவு பண்றது?"

"நம்ம மாப்பிள்ளைதாங்க. வெளியூர்க்காரரு, தெரியாம பண்ணிட்டாரு" என்றார் தலைவர். முந்தின நாள் என் கணவரை வாயாரப் புகழ்ந்த அதே வாய் இது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "வெளியூர்க்காரரா? பளபளன்னு வேணும்னு சொன்னது யாரு? வரிசையா நின்னு தலையாட்டினது யாரு? அதுல நானும் ஒருத்தி. பழியை மட்டும் அவரு ஒருத்தர் தலையில கட்டாதீங்க!"

என் கணவர் தலை கவிழ்ந்து நின்றார்.

அதற்குள் தூணைச் சுற்றி வந்த அதிகாரியம்மா அடியில் குந்திவிட்டார்.

"கடைசிப் பேரு மட்டும் அப்படியே இருக்கே?"

"குனிய சோம்பல்பட்டு விட்டிருப்பாரு" என்றார் தலைவர்.

"இல்லம்மா" என்றார் என் கணவர். "அவரு வீட்டு ஆளுங்க யாருமே இப்ப இல்ல. ஊரெல்லாம் விசாரிச்சுப் பார்த்துட்டேன். மத்த பேருக்கெல்லாம் சரின்னு சொல்ல ஆள் இருந்தாங்க. இவருக்கு இல்ல. கேக்காம எப்படிம்மா மிஷின் வைக்கிறது?"

அதிகாரியம்மா பையிலிருந்து ஒரு தூரிகையை எடுத்து மண்ணைத் துடைத்தார். எழுத்துகள் ஆழமாக, ஓரம் கூராக, உளி இறங்கிய கோடுகளோடு நின்றன.

"இதே கைதான் எல்லாப் பேரையும் வெட்டியிருக்கு. இந்த ஒண்ணை வெச்சே தூணு அந்தக் காலத்து வேலைன்னு நிரூபிச்சிடலாம்" என்றார். "பதிவு பண்ணிடறேன். தூண் இங்கேயேதான் நிக்கும். ரோடு வளைஞ்சு போகட்டும்."

ஊரே கைதட்டியது. கொள்ளுத்தாத்தாவை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டே பழகியவள் நான். அன்றைக்கு என் பெருமை, கல் தூள் படிந்த சட்டையோடு பக்கத்திலேயே நின்றது. அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அதிகாரியம்மா திரும்பிப் பார்த்தார்.

"இனிமே அந்தக் கடைசிப் பேருல கை வைக்கணும்னா யாரைக் கேக்கணும்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன்.

"எங்களைக் கேளுங்க. அவரு எங்க வீட்டு ஆளு."