பத்தொன்பது மாத்திரைகள்

நர்ஸ் பாட்டிலில் மீந்திருந்த மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினாள். எண்ணி முடித்ததும் மறுபடி குவித்து, இன்னொரு தடவை எண்ணினாள். எதிரே உட்கார்ந்திருந்த டிரைவருக்கு அந்த இரண்டாவது எண்ணிக்கை பிடிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். செக்கர் ஒரே டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

"பத்தொன்பது இருக்கு ஐயா. பதினாலுதான் மீதி இருக்கணும்," என்றாள் நர்ஸ். "டயரியில ஒரு வேளைகூட விடலைன்னு எழுதியிருக்கீங்களே?"

டிரைவர் பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். அங்கே சம்பந்தி உட்கார்ந்திருந்தார். தையல்காரர், டிரைவருடைய மருமகளின் அப்பா. அவருடைய பாட்டிலை அப்போதுதான் எண்ணி முடித்திருந்தார்கள். சரியாகப் பதினான்கு. அவருடைய டயரியை இன்னும் புரட்டவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. இதயத்துக்கு ரத்தத்தை இறைக்கும் தெம்பு குறைந்துவிட்டது. அதனால் காலில் நீர் கோத்துக்கொள்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. "பொருத்தம் பார்த்தவங்க இதையும் சேர்த்துப் பார்த்திருக்காங்க போல," என்று மருமகள் கேலி செய்வாள். பழைய மாத்திரை நல்லதா, புது மாத்திரை நல்லதா என்று ஒப்பிடும் ஆய்வில் இருவரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மாத்திரைகள் நிறத்திலும் அளவிலும் அச்சு அசல் ஒன்று. பாட்டிலில் ஒட்டிய நம்பர்தான் வேறு.

ஆனால் டிரைவருக்குத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக அவர் நினைத்தார். முதல் மாதமே அவருக்குக் கால் வடிந்தது. ஒரே மூச்சில் மொட்டைமாடிக்கு ஏறி, அங்கிருந்து வெற்றிக் குரல் கொடுத்தார். சம்பந்தியோ பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தையல்காரர் தன் டேப்பை எடுத்து இரண்டு பேர் கணுக்காலையும் அளந்து நோட்டில் எழுதுவது வழக்கம். டிரைவரின் அளவு குறைந்துகொண்டே வந்தது, அவருடையது அசையவில்லை. "உங்களுக்குப் புதுசு அடிச்சிருக்கு சம்பந்தி. யோகக்காரர்," என்று சிரித்துக்கொண்டே எழுதுவார். அந்தச் சிரிப்புதான் டிரைவருக்கு நெஞ்சை அறுத்தது. மகளை டிரைவர் வீட்டுக்கு மருமகளாக அனுப்பிவிட்டு, மனைவி இறந்த பிறகு தையல் மெஷினோடு அதே வீட்டின் கீழ் அறைக்கு வந்து சேர்ந்த மனுஷன். தன் கண்ணெதிரே அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு எப்படி வாயில் சோறு இறங்கும்?

இரண்டாவது பாட்டில் வாங்கிய பத்தாம் நாள், சம்பந்தி குளிக்கப் போன நேரத்தில், காதும் காதும் வைத்தாற்போல் இரண்டு பாட்டில்களையும் தட்டுகளில் கவிழ்த்து, இடம் மாற்றி நிரப்பிவிட்டார். அவசரத்தில் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பத்து நாளில் ஒரு அவசரத் தையல் வேலையில் சம்பந்தி ஐந்து வேளை மாத்திரையை மறந்திருந்தார் என்பதும் அவருக்குத் தெரியாது.

"மறந்திருப்பீங்க ஐயா, பரவாயில்ல," என்றாள் நர்ஸ், பேனாவைத் திறந்தபடி. "எல்லாருக்கும் நடக்கறதுதான். அஞ்சு வேளை விட்டுட்டீங்கன்னு எழுதிக்கவா?"

தலையை ஆட்டினால் போதும். பூசி மெழுகிவிடலாம். இப்போது புது பாட்டில் தருவார்கள். வீட்டுக்குப் போய் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். சொன்னால், சம்பந்தியின் கைக்கு அந்தப் பழைய மாத்திரையே திரும்பிப் போகும். இந்தப் பதினெட்டு நாளில்தான் அவர் மொட்டைமாடியை எட்டிப் பிடித்திருக்கிறார். டிரைவருக்கோ இரண்டு கிலோ ஏறியிருந்தது, செருப்பு இறுக்கியது, மூச்சு முட்டாமல் படுக்க மூன்று தலையணை வேண்டியிருந்தது. அது போகட்டும் என்றுதான் இருந்தார். தலை ஆடத் தொடங்கியது.

"அஞ்சு மறந்தது நான்ம்மா," என்றார் தையல்காரர். "என் டயரியில எழுதியிருக்கேன் பாருங்க."

நர்ஸ் புரட்டிப் பார்த்தாள். ஐந்து இடத்தில் குறுக்குக் கோடு. இரண்டு டயரிகளையும் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தையல்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சம்பந்தி," என்றார். "என்னைக்கு மாத்துனீங்க?"

டிரைவர் குனிந்துகொண்டார். "பத்தாம் நாள்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் நெஞ்சுக்குள்ள கைய விட்டிருக்கீங்க, என்னைக் கேட்காம."

"கேட்டா ஒத்துக்குவீங்களா?"



நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். அவள் கோபப்படவில்லை, களைத்துப்போனாள். "இதை நான் எழுதித்தான் ஆகணும் ஐயா. எது புதுசுன்னு யாருக்கும் தெரியாது. மாத்திரையாலதான் கால் வடிஞ்சுதுன்னும் தெரியாது. அது தெரியறதுக்குத்தான இவ்வளவு பாடு? நீங்க ஆய்வுல இருக்கலாமா, என்ன மாத்திரை சாப்பிடணும்னு டாக்டர்தான் சொல்லணும். வெளிய உட்காருங்க."

வெளியே நீள பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். டிரைவருக்கு அழுகை வந்தது. நல்லது செய்யப்போய் இரண்டு பேர் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று பயமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், மூச்சுதான் வந்தது, இழுத்து இழுத்து.

அந்தச் சத்தம் கேட்டுத் தையல்காரர் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவினார். எழுந்து வந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, டிரைவரின் செருப்பைக் கழற்றினார். போன மாதம் கீழே விழுந்த ஊசியை எடுக்கக்கூட மகளைக் கூப்பிட்ட மனுஷன். இப்போது மூச்சு துளிக்கூட வாங்கவில்லை. டிரைவர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு அங்குலம் ஏறியிருக்கு," என்றார் தையல்காரர், தலை நிமிராமல். பிறகு கட்டைவிரலைக் கணுக்காலுக்கு மேலே வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது.

உள்ளே டாக்டர் மணியடித்தார். இருவரும் எழுந்திருக்கவில்லை, அந்தக் குழி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.