நல்ல எண்

அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. தலை நரைக்கும்வரை ஒரே நொதியோடுதான் மல்லுக்கட்டு; லிப்பிட் கைனேஸ் என்று பெயர். செல்லின் சவ்விலே இருக்கும் கொழுப்பின் தலையில் அது ஒரு பாஸ்பேட்டைச் செருகும். செருகியதும் ‘தின்னு, வளரு’ என்று உள்ளே சேதி பறக்கும். தங்கையின் மார்பில் வந்த புற்றுக்கட்டியில் அந்த நொதி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைக்கத்தான் புது மாத்திரை.

ஆனால் பாருங்கள், இன்சுலின் சொல்லும் சேதியும் அதே வாய் வழியாகத்தான் போகவேண்டும். அடைத்தால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். தினமும் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மிகவும் ஏறினால் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

தங்கையின் கணவர் தையல்காரர். காலையில் போனில் எண்ணைச் சொல்வார். “தொண்ணூத்தாறு அக்கா. தங்கமா இருக்கு.”

அந்த நல்ல எண்ணைத்தான் அக்கா நம்பவில்லை. மாத்திரை வேலை செய்தால் சர்க்கரை கொஞ்சமாவது ஏறவேண்டாமா? நேரில் போனாள்.

தங்கை கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் காலிச் செம்பு. உதடு வெடித்திருந்தது.

“மாத்திரைய முழுங்குறியா, ஜன்னல் வழியா வீசுறியாடி?”

“வீசுறதுக்கா அவ்வளவு அழுது வாங்கினோம்? தண்ணி குடு மொதல்ல. எவ்வளவு குடிச்சாலும் தீரமாட்டேங்குது.”

அக்கா அவள் கையைத் திருப்பினாள். விரல் நுனிகள் வழவழவென்றிருந்தன. ஒரு குத்துகூட இல்லை. கதவோரம் நின்ற தங்கையின் கணவர் தன் கையைப் பின்னால் மறைத்தார்.

“கையக் காட்டுங்க மாப்பிள்ளை.”

“தையக்காரன் கை அக்கா. ஊசி குத்தாம இருக்குமா?”

“தைக்கிற ஊசி எல்லா விரல்லயும் ஓரமாப் பார்த்துக் குத்துமா?”

அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். “ஆரம்பத்துலயே முந்நூறத் தாண்டிடுச்சு. நிறுத்திட்டா கட்டி வளந்துடுமேன்னு... என் ரத்தத்த வச்சேன்.”

தங்கைக்கும் தெரிந்துதான் நடந்திருக்கிறது. “அவர்கிட்ட சர்க்கரையே கெடையாதுன்னு கல்யாணத்தன்னிக்கே கண்டுபிடிச்சேன்” என்றாள்.

அக்கா அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். கருவியில் எண்ணே வரவில்லை. அளவு மீறிவிட்டது என்ற எழுத்து மட்டும். தங்கையின் மூச்சில் அழுகிய பழ வாடை; ரத்தம் அமிலமாகத் தொடங்கிவிட்டது.

“எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“நிறுத்திடுவாங்களா அக்கா?”

“இப்போதைக்கு நிறுத்துவாங்க. சர்க்கரை எறங்கினதும் மாத்திரையக் கொறைச்சுக் குடுக்கலாம்.”

“எறங்கலேன்னா?”

அக்கா குனிந்து, கட்டிலடியில் தங்கையின் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலில் மாட்டினாள்.